வண்டிப் பட்டா பிறந்த கதை

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் மண்ணச்சநல்லூரைத் தாண்டினால் திருவெள்ளறை. வெண்பாறைக் குன்றின் மேல் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில். ஊரில் தந்திவர்மப் பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்த ஸ்வஸ்திகக் கிணறு. வருகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சாலையில் லாரி வருவதற்கு முன்னால் நெல் மூட்டை சுமந்து உருண்ட கட்டை வண்டியின் சக்கரமும் அதே அளவு கவனத்துக்கு உரியது என்பது என் எண்ணம்.

கட்டை வண்டிச் சக்கரத்தை முதலில் செய்பவர் தச்சர். நடுவில் குடம். குடத்தில் செருகிய 12 ஆரக்கால்கள். இரண்டிரண்டு ஆரக்கால்களைத் தாங்கி வளைந்து நிற்கும் 6 வட்டைகள். எல்லாம் நன்றாகக் காய்ந்த கருவேலம் போன்ற உறுதியான மரம். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அது 19 துண்டுகளைப் பொருத்திய ஒரு கூட்டுதான். 20 மூட்டை நெல்லை ஏற்றி ஒரு பள்ளத்தில் இறக்கினால் மூட்டுகள் வாய் திறந்துவிடும். சரளைச் சாலையில் மரம் தேய்ந்தும் போகும். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் பட்டா, அதாவது சக்கர விளிம்பைச் சுற்றும் இரும்புப் பட்டை.

பட்டாவை ஆணியடித்துப் பிடிக்க வைப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அப்படியும் ஒரு காலத்தில் செய்தார்கள். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டு வரைகூட இரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, வட்டையின் மேல் பெரிய ஆணிகளால் அறைந்த சக்கரங்கள் ஓடின. அந்தத் துண்டுகள் மரத்தைத் தேயாமல் காத்தன. ஆனால் மூட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் வேலையை அவற்றால் செய்ய முடியவில்லை. அதற்கு இரும்பு ஒரே வளையமாக இருக்க வேண்டும், சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாகவும் இருக்க வேண்டும். சிறிய வளையத்தைப் பெரிய சக்கரத்தின் மேல் எப்படி ஏற்றுவது? ஐரோப்பாவின் கெல்ட் மக்கள் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை கண்டிருந்தார்கள். நம் ஊர்க் கொல்லுப்பட்டறையின் விடையும் அதுவேதான்: சுடு, மாட்டு, குளிர வை.

கொல்லர் முதலில் சக்கரத்தின் விளிம்பைக் கயிற்றால் சுற்றி அளப்பார். அந்த அளவை இரும்புப் பட்டையின் மேல் வைத்து, அதிலிருந்து விரல்கணக்கில் கொஞ்சம் குறைத்து வெட்டுவார். தொழிலின் உயிர் அந்தக் குறைப்பில் இருக்கிறது. குறைத்தது போதாவிட்டால் பட்டா தளர்ந்து கழன்று விழும். கூடிப்போனால் ஆரக்கால்கள் நெரிந்து சக்கரமே கோணிக்கொள்ளும். மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, மூட்டுகளில் எவ்வளவு இடுக்கு இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் அவர் கை அந்த அளவை முடிவு செய்கிறது. பிறகு பட்டையை வளைத்து, இரு முனைகளையும் உலையில் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைப்பார்.

அடுத்தது வெட்டவெளியில் நடக்கும் வேலை. வளையத்தைக் கற்களின் மேல் கிடத்தி, சுற்றிலும் வறட்டியும் மட்டையும் விறகும் அடுக்கித் தீ வைப்பார்கள். சீராகச் சூடேற வேண்டும் என்பதால் உலை இதற்கு உதவாது. இரும்பு மங்கலாகச் சிவந்ததும் மூன்று நான்கு பேர் நீண்ட இடுக்கிகளால் தூக்கிவந்து, தரையில் படுக்க வைத்திருக்கும் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும், சில இடங்களில் தீப்பற்றும். அடித்து உட்கார வைத்த கையோடு தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சீறி அடங்கும்போது மரத்தின் மூட்டுகள் ஒவ்வொன்றாக நெறிபடும் சத்தம் கேட்கும். வட்டைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஆரக்கால்கள் குடத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகின்றன. சில நிமிடங்களில் 19 துண்டுகளும் ஒரே பொருளாகிவிடுகின்றன. தமிழ்நாட்டுக் கைத்தொழில்களில் இதைவிட அழகான நிமிடங்களை நான் அறியேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 5 அடிக் குறுக்களவு உள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 480 செ.மீ. பட்டாவின் சூடு 500 டிகிரி கூடினால் அந்தச் சுற்றளவு 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. குறுக்களவில் பார்த்தால் 9 மி.மீ. அவ்வளவுதான் கிடைக்கும் இடம். இந்தச் சூத்திரம் புத்தகத்தில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைகள் இதற்குள் வேலை செய்து பழகியிருக்கின்றன.

இங்கே மாணவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. இரும்பு எல்லாப் பக்கமும் விரிகிறது என்றால், வளையத்தின் தடிமன் உள்பக்கமும் கூடி, நடு ஓட்டை சிறுத்துப் போகாதா? போகாது. வளையமாக்கும் முன் அது ஒரு நேரான பட்டைதான் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். சூடேறிய பட்டை நீளமாகிறது, நீளமான பட்டையை வளைத்தால் பெரிய வட்டம் கிடைக்கிறது. தடிமன் கூடுவது உண்மைதான், ஆனால் சுற்றளவு கூடுவதன் முன் அது அற்பம். ஓட்டை, அதே இரும்பால் நிரம்பியிருந்தால் எவ்வளவு விரியுமோ, அவ்வளவு விரிகிறது.

ஏன் விரிகிறது என்பதற்கு அணுக்களிடம் போக வேண்டும். திடப்பொருளில் அணுக்கள் தத்தம் இடத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. சூடேறினால் அதிர்வு பெரிதாகிறது. அதிர்வு மட்டும் பெரிதானால் சராசரி இடைவெளி மாற வேண்டியதில்லை, இந்தப் பக்கம் போனதும் அந்தப் பக்கம் போனதும் சரியாகிவிடும். ஆனால் இரண்டு அணுக்களை நெருக்குவது கடினம், விலக்குவது அதைவிட எளிது. அதனால் அதிர்வு கூடக்கூட அவை விலகி நிற்கும் நேரமே அதிகமாகிறது, சராசரி இடைவெளி வளர்கிறது. குளிர்ந்தால் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்ப முயல்கிறது. பட்டாவுக்குள் சக்கரம் இருப்பதால் முழுவதும் திரும்ப முடிவதில்லை. அந்தத் தடைபட்ட திரும்புதல்தான் பிடி.

பங்குனி, சித்திரையில் இந்தப் பிடி தளரும். வெயிலில் இரும்பு நீள்வது காரணம் என்று தோன்றும். ஆனால் 20 டிகிரி கூடினால் நம் பட்டா நீள்வது ஒரு மி.மீ. அளவுதான். பெரிய காரணம் மரம் காய்ந்து சுருங்குவது. அதனால்தான் வண்டிக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றிக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போட்டார்கள். மரம் ஊறி உப்பினால் பட்டா மறுபடி இறுகும்.

திருச்சிக்கு ரயில் வந்தது 1862இல், நாகப்பட்டினத்திலிருந்து. அதனுடன் பட்டாவும் புதிய வடிவில் வந்தது. பழைய எஞ்சின் சக்கரத்தின் நடுப்பகுதி வேறு, தண்டவாளத்தில் உருளும் எஃகு வளையம் வேறு. அந்த வளையத்துக்குப் பெயரும் டயர்தான். தேய்வது விளிம்பு மட்டும் என்பதால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆரம்ப கால டயர்களைக் கொல்லர் செய்தது போலவே பட்டையை வளைத்து முனைகளை ஒட்டவைத்துத்தான் செய்தார்கள். வண்டி மாட்டின் வேகத்தில் தாங்கிய ஒட்டு, ரயிலின் வேகத்தில் உடைந்தது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஆல்ஃபிரட் க்ரூப் 1850களின் தொடக்கத்தில் ஒட்டே இல்லாத எஃகு டயரை உருவாக்கினார். ஒன்றோடொன்று பின்னிய மூன்று வளையங்கள் அவர் நிறுவனத்தின் சின்னமானது அந்த டயர்களால்தான்.

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு வந்தது. நீராவி எஞ்சின்களுக்கு டயர் மாற்றும் வேலையில் அளவு மட்டும்தான் கொல்லருடையதிலிருந்து வேறு. டயரின் உள்குறுக்களவு, ஒரு மீட்டருக்கு ஒரு மி.மீ. என்ற கணக்கில் சக்கரத்தைவிடச் சிறியதாகக் கடையப்படும். 250 டிகிரி கூட்டினால் மீட்டருக்கு 3 மி.மீ. விரியும், இறக்கி உட்கார வைக்க அது போதும். ஆறியபின் டயருக்குள் தங்கும் இழுவிசை சதுர செ.மீ.க்கு 2 டன் வரை போகும். வறட்டிக்குப் பதில் எரிவாயு வளையம், கயிற்றுக்குப் பதில் மைக்ரோமீட்டர். தண்ணீர் மட்டும் ஊற்ற மாட்டார்கள். எஃகைத் திடீரெனக் குளிர்வித்தால் விரிசல் விடும்.

சூட்டால் கட்டியது சூட்டாலேயே அவிழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டைகள் டயரை அழுத்திக்கொண்டே வரும்போது டயர் சூடேறி விரிகிறது, உள்ளே இருக்கும் நடுச்சக்கரம் அவ்வளவு வேகமாகச் சூடேறுவதில்லை. அளவு மீறினால் டயர் தனியே நழுவிச் சுற்றும். அதைக் கண்டுபிடிக்க டயரிலும் சக்கரத்திலும் சேர்த்து ஒரே வண்ணக்கோடு இழுத்து வைப்பார்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகி நின்றால் டயர் நகர்ந்திருக்கிறது. ரயில் நின்றதும் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போகும் தொழிலாளியும் இதைத்தான் கேட்டார்: இறுகிய டயர் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும்.

இப்போது பெரும்பாலான ரயில் சக்கரங்களுக்குத் தனி டயர் இல்லை. 1984இல் பெங்களூரு எலகங்காவில் தொடங்கிய ஆலை முழுச் சக்கரத்தையும் ஒரே எஃகாக வார்க்கிறது. துறையூர்ச் சாலைப் பக்கத்து மாட்டு வண்டிகளும் ரப்பர் டயருக்கு மாறின. ஆனால் ரயில் அச்சில் உருளைத் தாங்கியின் உள்வளையத்தை ஏற்றும் வேலையைப் பணிமனைகள் இன்றும் இதே முறையில்தான் செய்கின்றன. மின்தூண்டல் சூடாக்கியில் வளையத்தை 110 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, அச்சில் நழுவவிட்டு, ஆறவிடுவார்கள். 120ஐத் தாண்ட விடுவதில்லை, தாண்டினால் எஃகுக்கு ஏற்றிய கடினத்தன்மை குறையத் தொடங்கும். கொல்லர் சிவப்பைப் பார்த்து நிறுத்தினார். இங்கே சூட்டுமானியின் முள்ளைப் பார்த்து நிறுத்துகிறார்கள்.