பிக்கப்பில் கிளட்ச் திரும்பிய வரலாறு

பழைய பிக்கப் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, கிளட்சை மிதித்துக் கையால் கியர் போடும் மேனுவல் கியர்பாக்ஸை ஏற்றுவது அமெரிக்கப் பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வேலை. இதற்கு இடம்கொடுத்தது வண்டிகள் செய்யப்பட்ட முறைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டுக் கம்பெனிகள் ஒரே பிக்கப்பை இரண்டு வகைக் கியர்பாக்ஸோடும் விற்றன. சேஸிஸ் ஒன்று, என்ஜின் ஒன்று. வாங்குபவர் எதைக் கேட்டாரோ அது கீழே பொருத்தப்பட்டது. ஆட்டோமேட்டிக்காகப் பிறந்த ஒவ்வொரு வண்டிக்கும் கிளட்ச் வைத்த இரட்டை ஒன்று எங்காவது இருந்தது. மாற்று வேலைக்கான சாமான்களெல்லாம் அந்த இரட்டையிடமிருந்து வந்தவை.

பிக்கப் முதலில் உழைப்புக்கான கருவி. ஃபோர்டு 1925-இல் மாடல் டி காரின் பின்பக்கத்தில் சிறு பெட்டி வைத்து விற்கத் தொடங்கியபோது அதை வாங்கியவர்கள் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும். அடுத்த தலைமுறைகளில் கனமான பிக்கப்புகளுக்கு நான்கு கியர் கொண்ட வார்ப்பிரும்புப் பெட்டிகள் வந்தன. 1940களின் பிற்பகுதியிலிருந்து ஷெவ்ரோலே, ஜி.எம்.சி. வண்டிகளில் வந்த எஸ்.எம். 420 அவற்றுள் பெயர்பெற்றது. அதன் முதல் கியர் விகிதம் 7.05, என்ஜின் ஏழு முறை சுழன்றால்தான் வெளித்தண்டு ஒரு முறை சுழலும். அந்தக் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாலும், வைக்கோல் கட்டு ஏற்றும் ஆட்கள் கூடவே நடந்துவரும் வேகத்தில் வண்டி நின்றுவிடாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். வெறும் வண்டியை ஓட்டும்போது அந்தக் கியரைத் தொடாமல் இரண்டாவதிலேயே கிளப்புவார்கள்.

ஆட்டோமேட்டிக் கார் வழியாகத்தான் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அறிமுகமானது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஏர்ல் தாம்சன், 1929 மாடல் கேடிலாக்கில் வந்த சிங்க்ரோமெஷ் கியர்பாக்ஸுக்கும் காரணமானவர். கையால் கியர் போடுவதை எளிதாக்கியவரே பிறகு அந்த வேலையே தேவையில்லாமல் செய்தார். இரண்டாம் உலகப் போரில் எம்5 இலகு டாங்கிகள் கேடிலாக் என்ஜினோடும் ஹைட்ராமேட்டிக்கோடும் களத்துக்குப் போய்வந்தன. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கியர்பாக்ஸ் முரட்டு வேலைக்குத் தாங்குமா என்ற சந்தேகத்துக்கு அதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. 1953-இல் ஃபோர்டு எஃப்-100, 1954-இல் ஷெவ்ரோலே என்று பிக்கப்பிலும் ஆட்டோமேட்டிக் விருப்பத் தேர்வாக வந்துசேர்ந்தது.

அதை நிலைநிறுத்தியது 1960கள். வார நாளில் சரக்கு, வார இறுதியில் குடும்பம் என்று பிக்கப்பின் வேலை இரண்டாகப் பிரிந்தது. பின்பெட்டியில் கேம்பர் அறை ஏற்றுவதும் படகு இழுத்துப் போவதும் பரவின. அந்தக் காலத்தில் வந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக்குகள், அதாவது கிரைஸ்லரின் 727, ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400, ஃபோர்டின் சி6 மூன்றும், உண்மையிலேயே உறுதியானவை. அவற்றின் முதல் கியர் விகிதம் 2.5-ஐ ஒட்டியே இருந்தது. எஸ்.எம். 420-இன் ஏழோடு ஒப்பிட்டால் இது சொற்பமாகத் தோன்றும். ஆனால் வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், என்ஜினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இருமடங்காக்கித் தருகிறது. ஆகவே சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுப்பு அவ்வளவு குறைவில்லை. மேனுவல் பிரியர்கள் இந்தக் கணக்கைப் பல சமயம் மறந்துவிடுகிறார்கள். பாரத்தோடு மேட்டில் கிளம்ப வேண்டியவருக்கு அந்த ஆட்டோமேட்டிக்குகள் நல்ல துணை.

அப்படியிருந்தும் அவற்றை ஏன் கழற்றினார்கள்? நெடுஞ்சாலையில் என்ஜினை மெதுவாகச் சுழலவிடும் ஓவர்டிரைவ் கியர் அவற்றுக்குக் கிடையாது. கன்வர்ட்டரின் வழுக்கல் எரிபொருளை வெப்பமாக மாற்றி வீணாக்கியது. 1973-க்குப் பின் பெட்ரோல் விலை ஏறியபோது இந்த இரண்டும் உறுத்தத் தொடங்கின. 1980களில் ஓவர்டிரைவோடு வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகள் இந்தக் குறையைத் தீர்த்தாலும் வேறு சிக்கலைக் கொண்டுவந்தன. 1982-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4-இல் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். எவ்வளவு மிதிக்கப்படுகிறதோ அதற்கேற்ற எண்ணெய் அழுத்தத்தை அமைப்பது அந்தக் கேபிள்தான். கார்புரேட்டரை மாற்றிவிட்டுக் கேபிளைச் சரியாக அமைக்காமல் ஓட்டினால் அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். அப்படிக் கருகிய பெட்டியைப் பிரித்துச் சீர்செய்ய அதற்கென்றே பழகிய ஆள் வேண்டும். மேனுவல் பெட்டியையோ சாதாரண மெக்கானிக் தன் மேசையில் வைத்தே பிரித்துப் பூட்டிவிடலாம். ஆட்டோமேட்டிக் செத்த அன்றுதான் பெரும்பாலான மாற்றங்களுக்கான முடிவு எடுக்கப்பட்டது.

சாமானுக்குப் பழைய வண்டி உடைக்கும் யார்டுகளுக்குப் போனார்கள். எந்த மாடலின் பாகம் எந்த மாடலுக்குச் சேரும் என்று பட்டியலிடும் ஹாலண்டர் கையேடு 1930களிலிருந்தே அந்த வியாபாரிகளின் மேசையில் இருந்துவருகிறது. அனுபவசாலிகள் கியர்பாக்ஸை மட்டும் வாங்குவதில்லை. அதே ஆண்டு, அதே என்ஜின் கொண்ட மேனுவல் வண்டி ஒன்றை முழுதாக வாங்கிவிடுவார்கள். பெடல் தொகுதி, பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிராஸ் மெம்பர், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஒயரிங் என்று எது குறைந்தாலும் அதைத் தனியே தேடுவதில் மாதக்கணக்கில் போய்விடும் என்பதே காரணம்.

வேலை ஓட்டுநர் இருக்கையின் முன்னால் தொடங்குகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியின் பிரேக் பெடல் அகலமானது. அதையும் அதன் தாங்கியையும் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து கழற்றிவிட்டு, குறுகிய பிரேக் பெடலும் கிளட்ச் பெடலும் சேர்ந்த தொகுதியைப் பொருத்துவார்கள். இடுக்கில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்கான துளை எங்கே வர வேண்டும் என்பதைக் காட்டும் குழி அடையாளங்களைப் பல வண்டிகளின் ஃபயர்வாலில் தொழிற்சாலையே விட்டுவைத்திருக்கும்.

கீழே, கன்வர்ட்டரைத் தாங்கிய மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட் போய் அந்த இடத்தில் கனமான ஃப்ளைவீல் வருகிறது. இங்கே கவனம் தவறினால் என்ஜினே கெடும். ஃபோர்டின் 302 என்ஜினில் ஃப்ளைவீல் சுமக்க வேண்டிய எதிர்எடை பழைய வகைக்கு 28 அவுன்ஸ். 1980களின் தொடக்கத்தில் அது 50 ஆனது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் பூட்டினால் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் அதிர்ந்து அதிர்ந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். கியர்பாக்ஸின் உள்தண்டு நுனி, கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் உள்ள பைலட் பேரிங்கில் உட்கார வேண்டும். கிரைஸ்லரின் சில ஆட்டோமேட்டிக் என்ஜின்களுக்கு அந்தத் துளையைத் தொழிற்சாலை கடைந்து முடிக்கவே இல்லை. அப்போது உள்தண்டின் நுனியை அறுக்க வேண்டும், அல்லது கன்வர்ட்டர் அமர்ந்த பெரிய குழியில் பொருந்தும் வேறு பேரிங்கைத் தேட வேண்டும்.

பெல் ஹவுசிங்கை ஏற்றியபின் பலர் தாண்டிப் போகும் ஒரு சோதனை உண்டு. ஃப்ளைவீலில் டயல் கேஜைக் காந்தத்தால் நிறுத்தி, அதன் முனை ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொடும்படி வைத்து, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். முள்ளின் அசைவு 0.005 அங்குலத்துக்குள் இருந்தால் சரி. மீறினால் மையம் விலகிய டோவல் ஊசிகளைப் போட்டுத் திருத்த வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டிய கியர்பாக்ஸ், கியரிலிருந்து தானாக வெளியே குதிக்கும். பேரிங் சீக்கிரம் கத்தத் தொடங்கும். பழியோ கியர்பாக்ஸின் மேல் விழும்.

மற்றவை அளவெடுத்துச் செய்பவை. கியர்பாக்ஸின் நீளம் மாறுவதால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டிச் சமன்செய்வார்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்தண்டுப் பற்கள் பொருந்த வேண்டும். டாட்ஜ் வண்டிகளில் 23 பல் கொண்டதும் உண்டு, 29 பல் கொண்டதும் உண்டு. பார்க், நியூட்ரல் நிலைகளில் மட்டும் ஸ்டார்ட்டரை இயங்கவிடும் மின்சுற்றை இனிக் கிளட்ச் பெடல் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோக வேண்டும். பழைய எண்ணெய்க் குளிர்விப்புக் குழாய்களை அடைக்க வேண்டும். பார்க் என்ற நிலையே வண்டியிலிருந்து போய்விடுவதால், ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் துருப்பிடித்த ஹேண்ட்பிரேக்கைப் பழுதுபார்ப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். சரிவில் நிறுத்திய வண்டி உருண்டபின் இதை நினைத்துப் பயனில்லை.

இந்த மாற்றம் தன் முழு நியாயத்தோடு நின்றது டாட்ஜின் டீசல் பிக்கப்பில். 1989 மாடலில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜின் 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி முறுக்குவிசையும் கொண்டு வந்தது. கீழ் வேகத்திலேயே திமிறும் அந்த இழுப்பைத் தாங்க முதலில் கிடைத்த ஆட்டோமேட்டிக், பழைய 727-இன் வழிவந்த மூன்று கியர் பெட்டி. பிறகு நான்கு கியர் வந்தும் தயக்கம் தீரவில்லை. 1996 மாடலின் எண்கள் அதை வெளிப்படையாகவே காட்டுகின்றன: மேனுவலோடு வந்தால் அதே என்ஜினுக்கு 215 குதிரைத்திறன், 440 பவுண்டு-அடி, ஆட்டோமேட்டிக்கோடு வந்தால் 180, 420. தன் ஆட்டோமேட்டிக்கைக் காப்பாற்றத் தொழிற்சாலையே என்ஜினை அடக்கிவைத்தது. 1994 முதல் 1998 வரை வந்த அந்த என்ஜினில் டீசலை அளந்து தந்தது பாஷின் பி7100 பம்ப், முழுக்க இயந்திரம். அதன் உள்ளிருக்கும் சிறு தகட்டை நகர்த்தினாலே டீசல் கூடும், இழுப்பும் கூடும். அத்தோடு ஆட்டோமேட்டிக்கின் ஆயுள் குறையும். கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்க வேண்டாத என்ஜின் என்பதால் கிளட்ச் வைப்பதும் எளிதாயிற்று.

அந்த வண்டிகளுக்குப் போனது என்.வி. 4500. ஐந்து கியர், வார்ப்பிரும்புக் கூடு, எடை 200 பவுண்டை ஒட்டியது. முதல் கியர் 5.61, ஐந்தாவது ஓவர்டிரைவ்; பழைய வயல் வண்டியின் ஊர்தலும் நெடுஞ்சாலையின் சிக்கனமும் ஒரே பெட்டியில் கிடைத்தன. அதற்கும் ஒரு நோய் உண்டு. கனமான டீசல் அதிர்வில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து, கியர் பின்னே நகர்ந்து, ஐந்தாவது இல்லாமல் போகும். அதைச் சரிசெய்யும் மாற்றுத் தண்டுகளும் நட்டுகளும் தனிக் கடைகளில் கிடைக்கத் தொடங்கின. அதன் உற்பத்தியாளரான நியூ வென்ச்சர் கியர், ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 1990-இல் தங்கள் கியர் தொழிற்சாலைகளைச் சேர்த்துத் தொடங்கிய கூட்டு நிறுவனம். இந்தியானா மாநிலத்தின் மன்சி தொழிற்சாலை 2006-இல் மூடப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் கிழக்கு சிரக்யூஸ் தொழிற்சாலை 2012-இல்.

அதற்குள் இரட்டைத் தயாரிப்பும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ஃபோர்டு எஃப்-150-இல் கடைசி மேனுவல் 2008 மாடல். கனரக சூப்பர் டியூட்டியில் 2010. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய பிக்கப்புகளில் அதற்கும் முன்பே நிறுத்திவிட்டது. டாட்ஜின் வழிவந்த ராம் டீசல் 2018 வரை தாக்குப்பிடித்தது. புதிய வண்டிகளில் என்ஜின் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் பதிலில்லை என்றால் பிழைக் குறி காட்டி என்ஜினின் வலுவைக் குறைத்துவிடும். 1990களின் பிற்பகுதிக்குப் பிந்தைய வண்டிகளில் மேனுவல் மாடலின் கம்ப்யூட்டரையோ அதன் மென்பொருளையோ சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது. மேனுவலாக ஒருபோதும் வராத மாடல்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவும் வழியில்லை.

ஆகவே இன்று இந்த வேலை பெரும்பாலும் 1960களிலிருந்து 1990கள் வரையிலான வண்டிகளோடு நிற்கிறது. யார்டுகளில் நல்ல என்.வி. 4500 அரிதாகி விலையும் ஏறிவிட்டது. அந்த இடத்தை நிரப்ப டிரெமெக் நிறுவனம் டி.ஆர். 4050 என்ற ஐந்து கியர் பெட்டியைப் புதிதாகவே செய்து விற்கிறது. அதன் முதல் கியர் விகிதம் 6.16. பழைய ஷெவ்ரோலே, ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகளுக்கு அதை மாட்டத் தேவையான பெல் ஹவுசிங்குகளையும் அடாப்டர்களையும் தனிக் கம்பெனிகள் வார்த்துத் தருகின்றன. பெடல் தொகுதிக்குப் பல சமயம் இன்னும் யார்டைத்தான் நாட வேண்டியிருக்கிறது.