மில், ஸ்டோர், அட்டை: நம்ம ஊர்ச் சொற்களில் கம்ப்யூட்டர் சரித்திரம்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் நினைவுகளை எழுதலாமா என்று யோசித்தேன். அதை என்னைவிட ருசியாக எழுதுபவர்கள் நம் பேட்ச்சிலேயே இருக்கிறார்கள். ஆகவே வேலைக்குப் போன பிறகு நான் படித்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன்.

திருப்பூரில் நான் இருந்த ஒரு பனியன் கம்பெனியில், பழைய காலர் மெஷின்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் காலர் மெஷினை இறக்கினார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஹார்டுவேர், சாஃப்ட்வேர், மெமரி, பிராசஸர் என்று ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

டீ டைமில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆபரேட்டர் என்னிடம் வந்தார். "ஏனுங் தம்பி, ஹார்டுவேருன்னா ஆணி, பெயின்ட் விக்கிற கடைதானுங்க? அது எப்படி மெஷினுக்குள்ளார வந்துச்சு?"

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதத்துக்குள் புது மெஷினை ஓட்டத் தெரியாதவர்கள் பேக்கிங்குக்குப் போக வேண்டும், சம்பளமும் குறையும் என்று ஆபீஸில் முடிவாகியிருந்தது. அதோடு, அவர் சொன்னது தப்பே இல்லை! ஆங்கிலத்தில் ஹார்டுவேர் என்பது பல நூற்றாண்டுகளாக இரும்புச் சாமான்களைக் குறித்த சொல்தான். பிற்பாடுதான் அது கம்ப்யூட்டரின் கையால் தொடக்கூடிய பாகங்களுக்குப் பெயராயிற்று. அதற்கு எதிர்ப்பதமாக வந்ததே சாஃப்ட்வேர். 1958-ஆம் ஆண்டில் ஜான் டியூக்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அதை இன்றைய பொருளில் அச்சில் எழுதினார். 'பிட்' என்ற சொல்லும் அவர் உண்டாக்கியதே.

அந்த அண்ணாவுக்குச் சிறுமுகைப் பக்கம் பூர்வீகம். சின்ன வயதில் வீட்டில் ஜக்கார்டு தறி ஓட்டியவர். "தறியில அட்டை கட்டுவீங்களேங்கண்ணா, அதேதான் இது" என்று ஆரம்பித்தேன்.

பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் 1804-ஆம் ஆண்டில் ஜக்கார்டு தன் தறிச் சாதனத்தைக் கொண்டுவந்தார். ஓட்டை குத்திய அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் தலையில் மாட்டுவார்கள். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும்; அதன் கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்படும், நூல் எழும்பாது. ஓட்டை உண்டு, இல்லை: இந்த இரண்டே நிலைதான். கம்ப்யூட்டரில் இதை 1, 0 என்கிறோம். ஒரு ஓட்டைக்குரிய இடம் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். பைட் என்ற சொல்லை 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வெர்னர் புக்கோல்ஸ் உண்டாக்கினார்.

தறி ஹார்டுவேர். அட்டையில் குத்திய டிசைன் சாஃப்ட்வேர். தறியை மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றினால் மாங்காய் போய் மயில் வரும்!

லண்டனில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் ஒரு கணக்கு இயந்திரத்துக்குத் திட்டம் போட்டபோது இந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டார். கணக்குப் போடும் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'மில்'. எண்களை வைக்கும் பகுதிக்கு 'ஸ்டோர்'. நம்ம ஊரில் இந்த இரண்டு சொற்களும் தெரியாதவர் உண்டா? ஸ்டோரில் இருந்து பஞ்சு மில்லுக்குப் போகிறது, நூலாகித் திரும்புகிறது. இன்றைய பிராசஸர் அந்த மில். மெமரி அந்த ஸ்டோர். பாபேஜின் இயந்திரம் அவர் காலத்தில் கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால் அட்டை பிழைத்துக்கொண்டது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹொலரித் என்பவர் ஓட்டை அட்டைகளைக் கொண்டு எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணா ஒரு கேள்வி கேட்டார். "சரிங் தம்பி. அட்டை வர்றதுக்கு முன்னால டிசைனுக்கு யாரு நூலைத் தூக்குனா?"

தறியோடு உட்கார்ந்து கயிறு இழுக்க ஒரு உதவியாள் இருந்தான், பெரும்பாலும் சிறுவன், என்றேன்.

"அட்டை வந்தப்புறம் அவன் என்ன ஆனான்?"

"வேலை போச்சுங்கண்ணா" என்றேன். வேறென்ன சொல்ல? புது மெஷின் ஒன்று பழைய மெஷின்கள் பலவற்றின் வேலையைச் செய்துவிடும். எல்லோருக்கும் அதில் இடம் இருக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாளில் இருந்து ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரம் ஐந்து பேர் உட்கார்ந்தோம். மெஷின் பாகங்களில் தமிழில் சீட்டு எழுதி ஒட்டினோம். மூன்று பேர் தேறினார்கள். அந்த அண்ணாவும் அதில் ஒருவர். டிசைன் பைலை ஏற்றும்போது, "அட்டை மாட்டியாச்சுங்க" என்றுதான் கடைசி வரை சொல்வார். மற்ற இருவர் பேக்கிங்குக்குப் போனார்கள். அவர்களுக்கு முதல் நாளே புரிகிற பாஷையில் சொல்லியிருந்தால்... என்ற உறுத்தல் எனக்கு இன்னும் உண்டு.

தமிழில் சொல் இல்லாமல் போகவில்லை. வன்பொருள், மென்பொருள், நினைவகம், செயலி எல்லாம் இருக்கின்றன. மணவை முஸ்தபா கணினிக்கென்றே கலைச்சொல் அகராதி தொகுத்தார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா, பத்திரிகை வாசகர்களுக்குக் கம்ப்யூட்டரை எளிய தமிழில் விளக்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது வழி காட்டியது. ஆனால் இந்தச் சொற்கள் மாநாட்டு மேடையில் இருந்து மெஷின் பக்கம் வந்து சேர யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்த வேலை நம்மைப் போன்றவர்களுடையது.

நண்பர்களே, உங்கள் கம்பெனியில் அடுத்த மெஷின் இறங்கும்போது, ஓட்டப்போகிறவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்த சந்திப்பில், அது எப்படிப் போயிற்று என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்.