கடல் கடந்த கூலியாளரும் திருக்கோயில் தொண்டும்

சிவமயம்

மன்னர் எடுப்பித்த கற்றளிகளின் வரலாறு கல்வெட்டுக்களில் நிலைத்திருக்கின்றது. உடலுழைத்துக் கூலி பெற்ற எளியோர் செய்த திருப்பணிக்குப் பெரும்பாலும் கல்வெட்டு இல்லை. ஆயினும் இறைவன் திருமுன்னர் இவ்விரண்டும் வேறல்ல. திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்மையால் மனத்தகத்தே ஆலயம் எடுத்தார். காடவர்கோன் கச்சியிற் கட்டிய கற்றளிக்கு முன்னதாகப் பெருமான் அதனை ஏற்றருளினான் என்பது பெரியபுராணம் உணர்த்தும் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்க நேட்டால் நாட்டிற்குச் சென்ற தமிழ்க் கூலியாளர் வாழ்வும் இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

கி. பி. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 342 பேருடன் நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. வந்தவர் கரும்புத் தோட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பெற்றனர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. ஆண்மகனுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். ஆண்டிற்கொரு ஷில்லிங்காக உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். பெண்டிர்க்கு அதிற் பாதி. அரிசியும் பருப்பும் உப்பும் அளந்து தரப்பெற்றன. கணவன் கரும்பு வெட்ட, மனைவி களை பறிக்க, மக்கள் வரிசைக் குடில்களில் வளர்ந்தனர்.

ஒப்பந்தம் கூறியது ஒன்று; தோட்டத்தில் நிகழ்ந்தது பிறிதொன்று. 1871-இல் சென்னைக்கு மீண்டவர்கள், கூலி பிடித்தம் செய்யப்பட்டதையும் கசையடியையும் எடுத்துரைத்து முறையிட்டனர். அதன் பயனாக 1872-இல் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பின்னரே, 1866 முதல் நின்றிருந்த ஆளனுப்புதல் 1874-இல் மீளத் தொடங்கிற்று. எழுத்தறியாத ஏழையர் வாய்ச்சொல் ஓர் அரசின் செவியை எட்டியது சிறிய செய்தியன்று.

பின்னும் ஓர் இடர் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பின் ஊர் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்துக என 1895-இல் சட்டம் பிறந்தது. 3 பவுனாவது 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலிக்கணக்கில் நான்கு மாத உழைப்பிற்கும் மேல். 1903-இல் இவ்வரி 16 வயது நிரம்பிய ஆண்மக்களுக்கும் 13 வயது நிரம்பிய பெண்மக்களுக்கும் விரிக்கப்பட்டது. குடும்பம் பெருகுந்தோறும் கடன் பெருகிற்று. 1913-இல் சுரங்கத்தாரும் தோட்டத்தாரும் வேலை நிறுத்தி எழுந்தனர்; 1914-இல் அவ்வரி நீங்கிற்று.

இத்துணை வறுமையிலும் அவர்கள் தெய்வத்தை மறந்திலர். முதலில் மண்ணும் மூங்கிலும் தகரமும் கொண்டு சிறு கோயில்களை அமைத்தனர். விநாயகரையும் முருகனையும் மாரியம்மையையும் வழிபட்டனர்; காவடி எடுத்தனர். மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டப் பகுதியில் 1898-இல் விநாயகர் திருக்கோயில் எழுந்தது. பிறந்த ஊரை இழந்தவர், வழிபாட்டினால் புகுந்த ஊரைத் தம் ஊராக்கிக் கொண்டனர்.

குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் அன்பர்கள் இதனை நினைதல் தகும். பெரும்பொருள் ஈந்தோர் பெயர் கல்லில் நிற்கும், அது முறையே. சுண்ணாம்பு குழைத்தோரும் கல் சுமந்தோரும் அவர்தம் மனைமக்களும் பெயரின்றி மறைவர். அவர்களையும் நெஞ்சில் எழுதிப் போற்றுதல் திருப்பணியின் நிறைவாகும்.

திருச்சிற்றம்பலம்.