உறுப்பு காக்கும் மருந்தும் தோல் புற்றுநோயும்: ஓர் ஆய்வு வரலாறு

முன்னுரை

பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை உடல் அந்நியமாகக் கண்டு தாக்காதிருக்க, நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நோயாளிகள் வாழ்நாள் முழுதும் உட்கொள்கிறார்கள். இதே மருந்துகள் தோல் புற்றுநோய் வாய்ப்பைப் பன்மடங்கு கூட்டுகின்றன. எதிர்ப்பாற்றல் தளர்வதே இதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. ஒவ்வொரு மருந்தும் தனக்கே உரிய வழியில் செல்லைப் பாதிக்கிறது என்ற புரிதல் பின்னரே உருவானது. மருந்துத் தேர்வும் புற்றுநோய்த் தடுப்பின் ஒரு பகுதியே என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

முதல் எச்சரிக்கைகள்

1954-இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த சிறுநீரக மாற்று அறுவை, ஒத்த இரட்டையருக்கு இடையே நடந்ததால் வென்றது. மற்றவர்களுக்கும் அந்த வாய்ப்பைத் தந்தது, ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் ஜெர்ட்ரூட் எலியனும் உருவாக்கிய அசதயோப்ரின். 1960-களில் அது ஸ்டீராய்டுடன் சேர்த்துத் தரப்பட்டது. நோயாளிகள் பல ஆண்டுகள் வாழத் தொடங்கினர். அப்போதுதான் நீண்டகால விளைவுகள் வெளிப்பட்டன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் டென்வரில் இஸ்ரேல் பென், மாற்று உறுப்பு பெற்றோரிடம் தோன்றிய புற்றுநோய்களுக்கெனப் பதிவேடு தொடங்கினார். 1971-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் தோல் புற்றுநோயைத் தனியே சுட்டிக்காட்டினர்.

வெயிலின் பங்கு

நெதர்லாந்தில் 1990-இல் வெளியான ஆய்வின்படி, மாற்று அறுவைக்குப் பின் 20 ஆண்டுகளில் சுமார் 40 விழுக்காட்டினருக்குத் தோல் புற்றுநோய் வந்தது. கடும் வெயில் காயும் குயின்ஸ்லாந்தில் அதே காலத்தில் 70 விழுக்காட்டினர் பாதிக்கப்பட்டதாக 1996-இல் தெரியவந்தது. பொதுமக்களிடம் அடித்தள செல் புற்றுநோயே மிகுதி. இந்நோயாளிகளிடமோ, பரவும் ஆபத்து அதிகமுள்ள செதிள் செல் புற்றுநோய் அதை விஞ்சியது. வெள்ளைத் தோலினரிடம் சூரிய ஒளியும் மருந்தும் கைகோத்துச் செயல்பட்டன என்பது இதனால் உறுதியானது. கருமைத் தோலினருக்கு இவ்வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் முற்றிலும் இல்லாமல் இல்லை. பிலடெல்பியாவில் பரிசோதிக்கப்பட்ட கறுப்பின நோயாளிகளின் செதிள் செல் புற்றுநோய்கள் வெயில் படாத இடங்களிலேயே இருந்தன. ஆடை மறைக்கும் பகுதிகளையும் மருத்துவர் பார்க்க வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

மருந்தின் தனிச் செயல்

1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைக்ளோஸ்போரின், உறுப்பு மறுப்பை வெகுவாகக் குறைத்தது. அதன் அளவைக் குறைத்தவர்களிடம் புற்றுநோய் குறைவதையும், உறுப்பு மறுப்பு கூடுவதையும் 1998-இல் பிரெஞ்சு ஆய்வு காட்டியது. மறு ஆண்டு ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரை ஒன்று, எதிர்ப்பாற்றலின் தலையீடு இல்லாமலே இம்மருந்து புற்றுச்செல்லின் ஊடுருவும் தன்மையைத் தூண்டுவதை ஆய்வகத்தில் நிறுவியது.

அசதயோப்ரினைப் பற்றிய விடை 2005-இல் லண்டனில் பீட்டர் கார்ரன் குழுவினரிடமிருந்து வந்தது. உடலில் இம்மருந்து 6-தயோகுவானின் ஆக மாறி மரபணுப் பொருளான டிஎன்ஏவில் இடம்பிடிக்கிறது. இயல்பான டிஎன்ஏ, புற ஊதா ஏ கதிரைப் பெரிதாக உறிஞ்சாது. தயோகுவானின் சேர்ந்த டிஎன்ஏ உறிஞ்சுகிறது. அப்போது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறந்து டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. மருந்தே செல்லுக்குள் ஒளியின் இலக்கைப் புதிதாக உண்டாக்குகிறது.

மாற்று வழிகள்

ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட சிரோலிமஸ், நோயெதிர்ப்பாற்றலை அடக்குவதோடு செல் பெருக்கத்தையும் கட்டுப்படுத்துவது. ஏற்கெனவே செதிள் செல் புற்றுநோய் வந்த 120 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2012-இல் வெளியானது. சிரோலிமஸுக்கு மாறியவர்களில் 22 விழுக்காட்டினருக்கும், பழைய மருந்தில் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் புதிய புற்றுநோய் வந்தது. பலமுறை புற்றுநோய் வரும்வரை காத்திராமல், முதல் புற்றுநோயை அடுத்தே மாறியவர்கள் கூடுதல் பயன் கண்டனர். எனினும் பக்கவிளைவுகளால் ஏறத்தாழ கால் பங்கினர் மருந்தை நிறுத்தினர். சிரோலிமஸ் எடுத்தோரிடம் இறப்பு கூடியதை 2014-இன் தொகுப்பாய்வு எச்சரித்தது. மற்றவர்களுக்கு உதவிய நிகோடினமைடும் (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) உறுப்பு பெற்றோருக்குப் பயன் தரவில்லை என்பது 2023-இல் தெளிவானது.

முடிவுரை

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மருந்து இல்லை. புற்றுநோய் அச்சத்தால் நோயாளி தானாக மருந்தை நிறுத்தினால் உறுப்பையே இழக்க நேரும். சிறுநீரக மருத்துவரும் தோல் மருத்துவரும் சேர்ந்து, தோலின் நிறம், வெயில் பழக்கம், முந்தைய புற்றுநோய் ஆகியவற்றை எடைபோட்டு மருந்தைத் தீர்மானிக்க வேண்டும். தோல் பரிசோதனையும் வெயில் தடுப்பும் முதல் புற்றுநோய்க்காகக் காத்திராமல், அறுவை முடிந்த நாள்முதலே சிகிச்சையின் அங்கமாக வேண்டும்.