ஜே, கே, எல்: மூன்று விசைகளின் முன்கதை

சினிமா என்பது ஒரு நொடிக்கு 24 அசையாப் படங்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இதில் எந்த ஃபிரேமில் வெட்டுவது என்பதுதான் எடிட்டரின் கவலை. சண்டைக் காட்சியில் சில ஃபிரேம் தவறினால் அடி விழுமுன்பே தலை திரும்பிவிடும். இன்று விரலால் தட்டி முடிக்கிற இந்த வேலைக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு.

ஆரம்பத்தில் எடிட்டர்கள் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கத்தரியால் வெட்டினார்கள். ஐவான் செருரியர் என்ற பொறியாளர், வீட்டில் படம் பார்க்க ஒரு கருவி செய்தார். விலை அதிகம் என்பதால் அது சரியாக விற்கவில்லை. 1924-ல் அதையே எடிட்டர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். அதுதான் மூவியோலா. பிலிமை முன்னே ஓட்டலாம், பின்னே ஓட்டலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்திய இடத்தில் மெழுகுப் பென்சிலால் குறியிட்டு வெட்டுவார்கள். பிலிம் சிமென்ட் தடவி ஒட்டும்போது ஓரத்தைச் சுரண்ட வேண்டும். அதில் ஒரு ஃபிரேம் பாழாகும். மனம் மாறித் திரும்பச் சேர்த்தால் போனது போனதுதான். அந்த இடத்தில் கறுப்பு பிலிம் வைத்து நிரப்புவார்கள். ஃபெலினியின் படங்களைத் தொகுத்த இத்தாலியர் லியோ கட்டோசோ, ஒளி ஊடுருவும் டேப்பால் ஒட்டும் கருவி ஒன்றை உருவாக்கிய பிறகு இந்த இழப்பு குறைந்தது.

1956-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ டேப் வந்தது. காந்த நாடாவில் படம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு வரிசையாகப் பதிந்துகொண்டே போவது வழக்கமானது. நடுவில் இரண்டு நொடி கூட்ட வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும்.

1989-ல் ஆவிட் சந்தைக்கு வந்தது. கணினியில் வெட்டு என்பது ஒரு குறிப்பு மட்டுமே. மூலப்படத்தில் ஒரு கீறல்கூட விழாது. 1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி'தான் ஆவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சொல்கிறார்கள். 1996-ல் வெளியான 'தி இங்கிலீஷ் பேஷன்ட்', கணினியில் தொகுத்து எடிட்டிங் ஆஸ்கர் வாங்கிய முதல் படம். தொகுத்தவர் வால்டர் மர்ச்.

கருவி மாறினாலும் பழைய மூன்று செயல்கள் மாறவில்லை. ஜே விசை பின்னே ஓட்டும், கே நிறுத்தும், எல் முன்னே ஓட்டும். எல்-ஐ இரண்டாம் முறை தட்டினால் வேகம் கூடும். பல மென்பொருள்களில் கே-யை அழுத்தியபடி எல்-ஐத் தட்டினால் ஒரே ஒரு ஃபிரேம் நகரும். ஐ தொடக்கக் குறி, ஓ முடிவுக் குறி. அந்த மெழுகுப் பென்சிலின் வாரிசுகள் இவை.

மவுஸ் போதாதா என்று கேட்கலாம். நம் ஊர் வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு மணி நேரத்துக்கு 90,000. முழுவதையும் 1,920 புள்ளி அகலமுள்ள திரையில் விரித்தால் ஒரு புள்ளிக்குள் 46 ஃபிரேமுக்கு மேல் அடங்கும். மவுஸ் இம்மி நகர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு நொடி தாண்டிவிடும். பெரிதாக்கிப் பார்க்கலாம்தான், ஆனால் கண் திரையை விட்டுக் கோட்டைத் தேட வேண்டும். விசையில் விரல் இருந்தால் கண் படத்திலேயே இருக்கும்.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி கேசட்டைக் கணினியில் ஏற்றியபோது. தாலி கட்டுமுன் அப்பா திரும்பி அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எங்களிடம் இருக்கும் அவர் குரல் அது ஒன்றுதான். அடுத்த கணமே கெட்டிமேளம். மவுஸால் வெட்டினால் ஒன்று பெயரின் கடைசி எழுத்து போகும், இல்லை மேளம் உள்ளே வரும். கே-யும் எல்-லுமாக ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, இரண்டுக்கும் நடுவில் மூன்று ஃபிரேம் இடைவெளி இருப்பதைக் கண்டேன். ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே ஓ விசையைத் தட்டினேன்.

உங்கள் வீட்டிலும் பரண்மேல் இப்படிக் கேசட்டுகள் இருக்கும். பூஞ்சை பிடிக்குமுன் எடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் நாள் இந்த ஐந்து விசைகளை மட்டும் பழகினால் போதும்.