21 காயங்கள், ஏட்டில் ஒன்றுகூட இல்லை

ஒடுக்கப்பட்டோர் வரலாற்றை நாம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி நம்மை நோக்கி வரும்: "ஆதாரம் எங்கே?" கேட்கிறவர்கள் யார் என்று பார்த்தால், ஏடு எழுதும் பேனா தலைமுறை தலைமுறையாக யார் கையில் இருந்ததோ, அவர்களேதான். எழுத வேண்டியவர் எழுதாமல் விட்டார். எழுதப்படவில்லை என்பதால் அது நடக்கவே இல்லை என்று பிறகு தீர்ப்பு வருகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய் ஒருவரின் உடம்பில் 21 காயங்கள். அவரை வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்த பணி விடுவிப்புத் தாளில் ஒரு காயம்கூட இல்லை. அவர் காயம்பட்டதை அரசு ஒப்புக்கொள்ள 78 ஆண்டுகள் ஆயின. அவருடைய வீரத்தை முழுதாக ஒப்புக்கொள்ள 97 ஆண்டுகள் ஆயின. ஹென்றி ஜான்சன் என்ற அந்த மனிதரின் வரலாற்றை நம் தோழர்கள், குறிப்பாக மாணவர்கள், தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சுமைதூக்கியாக இருந்தவர் சிப்பாய் ஆகிறார்

வட கரோலினாவில் பிறந்து, இளம் வயதில் நியூயார்க் மாநிலத்தின் அல்பனி நகருக்குப் பிழைக்க வந்தவர் ஜான்சன். ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்கும் போர்ட்டர் வேலை. ஐந்தடி நான்கு அங்குல உயரம், மெலிந்த உடல். 1917 ஜூனில் நியூயார்க்கின் 15ஆம் காலாட்படையில் சேர்ந்தார். முழுக்கக் கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட படை அது. பிறகு 369ஆம் படைப்பிரிவு என்று பெயர் மாறியது. 'ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்' என்று உலகம் பின்னாளில் கொண்டாடியது இவர்களைத்தான்.

1918 தொடக்கத்தில் பிரான்சில் இறங்கியவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்டது துப்பாக்கி வேலை இல்லை, கப்பலில் சரக்கு இறக்கும் வேலை. அந்தப் போரில் ஏறத்தாழ 3,80,000 கறுப்பினத்தவர் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றினார்கள். கடல் கடந்து போனவர்களில் பெரும்பகுதியினர் மூட்டை தூக்கவும், சாலை போடவும், பிணங்களைப் புதைக்கவுமே பயன்படுத்தப்பட்டார்கள். போர்க்களத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் சிறுபான்மை. சுமை தூக்குகிற சாதி சுமைதான் தூக்க வேண்டும் என்ற விதி எந்த மொழியில் சொன்னாலும் ஒன்றுதான்.

வெள்ளைச் சிப்பாய்களோடு தோளோடு தோள் நிற்க விடாமல், அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் இந்தப் படையை பிரெஞ்சு இராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தலைக்கவசத்தையும் துப்பாக்கியையும் கொடுத்துக் களத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் களத்தில் 191 நாட்கள் நின்றது 369ஆம் படைப்பிரிவு. அமெரிக்கப் படைகளில் அவ்வளவு நீண்ட நாட்கள் முன்வரிசையில் நின்ற படை வேறு இல்லை என்று சொல்லப்படுகிறது.

மே 15, 1918

ஆர்கோன் காட்டோரம் ஒரு காவல் முனை. மே 14 இரவு தாண்டி, மறுநாள் விடிவதற்குள். காவலில் ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸ் என்ற சக வீரரும் மட்டும். குறைந்தது 12 ஜெர்மானியர்கள் கொண்ட கூட்டம் ஒன்று திடீரெனத் தாக்கியது. ராபர்ட்ஸ் படுகாயப்பட்டு விழுந்தார். எதிரிகள் அவரைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். ஜான்சன் முதலில் கையெறி குண்டு வீசினார். துப்பாக்கி செயலிழந்ததும் அதன் கட்டையால் அடித்தார். கடைசியில் இடுப்பில் இருந்த போலோ கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்தார். ராபர்ட்ஸ் மீட்கப்பட்டார், எதிரிகள் பின்வாங்கினார்கள். விடிந்தபோது ஜான்சன் உடம்பில் 21 காயங்கள். ஒரு பாதம் நொறுங்கியிருந்தது. பின்னர் உலோகத் தகடு வைத்துத்தான் அதைச் சேர்த்தார்கள்.

பிரெஞ்சு அரசு தன் உயரிய போர்ப்பதக்கமான 'குருவா தெ கேர்' விருதை இருவருக்கும் அளித்தது. பெர்ஷிங்கே தன் அறிக்கையில் இந்தச் சண்டையைப் பாராட்டிக் குறிப்பிட்டார். அமெரிக்கப் பத்திரிகைகள் ஜான்சன் பெயரைத் தலைப்பில் போட்டன. 1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் திறந்த காரில் அவரை உட்காரவைத்துக் கூட்டிப் போனார்கள். போர்நிதிக்காக முத்திரை விற்பதற்கும் ஆள் சேர்ப்பதற்கும் அவர் பெயரும் படமும் பயன்பட்டன.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள் தோழர்களே. ஊருக்கே தெரிந்திருக்கிறது. பத்திரிகைக்குத் தெரிந்திருக்கிறது. தளபதியின் அறிக்கையில் இருக்கிறது. அயல்நாட்டு அரசு பதக்கம் குத்தியிருக்கிறது. விளம்பரத்துக்கு வேண்டிய அளவு காயம் இருந்தது. பணி விடுவிப்புத் தாளில் எழுதும்போது மட்டும் காயம் காணாமல் போனது.

தாளில் இல்லாத காயத்தின் விலை

ஒரு குமாஸ்தாவின் கவனக்குறைவு என்று இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் அந்தக் கவனக்குறைவு எந்தச் சூழலில் நடந்தது என்று பார்க்க வேண்டும். 1918 ஆகஸ்டில், அமெரிக்கப் படைகளோடு தொடர்பில் இருந்த பிரெஞ்சு அதிகாரி லினார் பெயரில் ஒரு இரகசியச் சுற்றறிக்கை போனது. கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களோடு நெருங்கிப் பழகாதீர்கள், வெள்ளை அமெரிக்கர்கள் முன்னால் அவர்களை அளவுக்கு மீறிப் புகழாதீர்கள் என்பது அதன் சாரம். அறிஞர் டூபாய்ஸ் அதைக் கையகப்படுத்தி 1919 மே மாத 'கிரைசிஸ்' இதழில் அம்பலப்படுத்தினார். புகழாதே என்று மேலிருந்து சொல்லப்படும் இடத்தில், கீழே உட்கார்ந்து தாள் நிரப்புகிறவன் எதை எழுதுவான், எதை விடுவான் என்று நமக்குத் தெரியாதா?

போர்க்காயம் பட்டவருக்கு அன்று சட்டைக் கையில் தங்கநிறப் பட்டை ஒன்று தைக்கப்படும். 1932-ல் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது, அந்தப் பட்டைக்கு உரியவர்கள் விண்ணப்பித்துப் பதக்கம் பெற முடிந்தது. ஜான்சனுக்கோ ஏட்டில் காயமே இல்லை. 1932-ல் அவர் உயிரோடும் இல்லை. நொறுங்கிய பாதத்தோடு பழைய போர்ட்டர் வேலைக்குப் போனவரால் அதில் நிலைக்க முடியவில்லை. குடும்பமும் சிதைந்தது. 1929 ஜூலை 1 அன்று, முப்பதுகளின் நடுவயதில் இறந்துபோனார்.

அவர் வாய்மூடி இருக்கவும் இல்லை. 1919-ல் செயின்ட் லூயிஸ் நகர மேடையில், வெள்ளைச் சிப்பாய்கள் கறுப்பினத்தவரோடு ஒரே பதுங்குகுழியில் நிற்க மறுத்ததைப் போட்டு உடைத்தார். அதன்பிறகு, அனுமதித்த நாளுக்கு மேல் சீருடை அணிந்தார் என்று சொல்லிக் கைது ஆணை வந்தது. மேடைகள் நின்றுபோயின. வீரம் பேசினால் ஊர்வலம், உண்மை பேசினால் பிடியாணை.

ஏட்டைத் திருத்துவது எப்படி நடக்கிறது?

இராணுவ ஆவணத்தில் உள்ள தவறைத் திருத்த அமெரிக்காவில் 1946 வரை நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. ஏழைச் சிப்பாய்க்கு அது நடக்கிற காரியமா? 1946-ல் வந்த சட்டம் அதற்கென ஆவணத் திருத்த வாரியங்களுக்கு வழி செய்தது. இறந்தவரின் வாரிசும் விண்ணப்பிக்கலாம். தவறு தெரியவந்த 3 ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும், நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு முள். அரசு ஏடு சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்குகிறது. தவறு என்று நிறுவ வேண்டியவர் காயம்பட்டவர். பர்ப்பிள் ஹார்ட் பெற மூன்று கண்ணிகள் வேண்டும்: காயம் எதிரியின் செயலால் வந்தது, அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்கிறது. மூன்றாவது கண்ணி யார் கையில்? மறுபடியும் எழுதுகிறவன் கையில்தான். இதற்கு மேல், 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு சாம்பல். எஞ்சியவர்கள் மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்பு, படைப்பிரிவின் அன்றாட அறிக்கை, உடனிருந்தவரின் வாக்குமூலம் என்று துண்டுதுண்டாகத் தேடித்தான் வழக்கைக் கட்ட வேண்டும்.

ஜான்சனுக்காக அப்படித் தேடியவர்கள் அல்பனி நகரத்து முன்னாள் படைவீரர்களும் ஆர்வலர்களும். முதலில் 1996-ல் பர்ப்பிள் ஹார்ட் கிடைத்தது. உயரிய விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' கேட்டபோது இராணுவம் இசையவில்லை. 2002-ல் அதற்கு அடுத்த நிலையான விருது அறிவிக்கப்பட்டது. அவர்கள் விடவில்லை. செனட்டர் ஷூமரின் அலுவலகம் பழைய ஏடுகளைக் கிளறி, பெர்ஷிங்கின் 1918 அறிக்கையையும் அன்றைய சாட்சியங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 1,300 பக்க மனுவை 2011-ல் கொடுத்தது. காலக்கெடு தாண்டிவிட்டதால் நாடாளுமன்றம் தனி விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. 2015 ஜூன் 2 அன்று அதிபர் ஒபாமா அந்தப் பதக்கத்தை அறிவித்து அளித்தார். முதல் உலகப் போரின்போது அந்தப் பதக்கம் ஒரு கறுப்பினத்தவருக்குக்கூடக் கொடுக்கப்படவில்லை. 1991-ல் ஃப்ரெடி ஸ்டவர்ஸுக்குத்தான் முதன்முதலில் கிடைத்தது. இரண்டாமவர் ஜான்சன்.

ஆவணம் நமக்கும் சங்கடம் தரும்

இந்தத் தேடலில் நமக்கான இன்னொரு பாடம் உண்டு. ஜான்சன் அநாதைப் பிணமாகப் புதைக்கப்பட்டார் என்றுதான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஏடுகளைத் தோண்டியபோது, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது தெரியவந்தது. அவருக்குச் சல்லிக்காசு உதவியும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். 1927-ல் காசநோயின் பேரில் முழு ஊனமுற்றவராக ஏற்கப்பட்டு மாதத்தொகை பெற்றதைக் குறிப்புகள் காட்டின. அதாவது நோய்க்குப் பணம் கிடைத்திருக்கிறது, போர்க்காயத்துக்கு அங்கீகாரம் இல்லை. அவருடைய மகன் என்று தன்னை நம்பி, இந்தப் போராட்டத்தின் முகமாக நின்ற ஒரு முன்னாள் விமானப்படை வீரருக்கும் ஜான்சனுக்கும் இரத்த உறவு இல்லை என்றுகூட இராணுவத்தின் ஆய்வு சொன்னது. பதக்கத்தைக் குடும்பத்தார் யாரும் வாங்கவில்லை. நியூயார்க் தேசியக் காவற்படை வீரர் ஒருவரே வாங்கினார்.

இதையெல்லாம் ஒளிக்க வேண்டியதில்லை. நம் பக்கக் கதையில் உள்ள பிழையை நாமே திருத்தினால்தான், அவர்கள் ஏட்டில் உள்ள பிழையைத் திருத்தச் சொல்லும் உரிமை வலுப்படும்.

கோரேகானும் அல்பனியும்

நமக்கு இது புதிதா? 1818 ஜனவரி 1 பீமா கோரேகான் போரில் மாண்ட மகர் வீரர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் வெட்டப்பட்டிருக்கின்றன. 1927-ல் அண்ணல் அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது அந்தக் கல்லே சாட்சியாக இருந்தது. அப்படி இரத்தம் சிந்திய மகர்களை, 'போர்க்குடி' என்ற கோட்பாட்டைச் சொல்லி 1890களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இராணுவம் ஆள் சேர்ப்பிலிருந்து விலக்கியது. கோபால் பாபா வலங்கரும், பிறகு 1910-ல் சிவராம் ஜன்பா காம்ப்ளேவும் மனு எழுதினார்கள். எங்கள் முன்னோர் இன்னின்ன போரில் நின்றார்கள் என்று தங்கள் சேவையைத் தாங்களே எழுதிக்காட்ட வேண்டியிருந்தது. 1917-ல் ஆள் தேவைப்பட்டதும் மகர் படை உருவானது, போர் முடிந்து 1921-ல் கலைக்கப்பட்டது. மகர் ரெஜிமென்ட் 1941-ல்தான் வந்தது. தேவைப்பட்டால் வீரர், தேவை தீர்ந்தால் தீண்டத்தகாதவர்.

1946-ல் அண்ணல், டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பினத்தவர் ஐ.நா. சபைக்கு மனு கொடுப்பதை அறிந்து, அதன் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. இரு மக்களும் மனு எழுதியே வழி தேடியவர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று களத்தில் நிற்கும் தோழர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. வன்கொடுமை வழக்கில் காயம்பட்டவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், விபத்துப் பதிவேட்டில் எத்தனை காயம், எங்கே, யார் எதனால் தாக்கினார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறதா எனப் பக்கத்தில் நின்று பாருங்கள். 'கீழே விழுந்தார்' என்று எழுதினால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறுவது உரிமை. தகவல் கொடுத்தவருக்கு எழுதியதைப் படித்துக்காட்டிக் கையொப்பம் வாங்குவது அதிகாரியின் கடமை. வேண்டுமென்றே அதைச் செய்யாத, தலித் அல்லாத அரசு ஊழியரை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தண்டிக்கும். நிவாரணத் தொகையிலிருந்து தீர்ப்புவரை எல்லாமே அந்த முதல் தாளில் தொங்குகின்றன. அன்று பத்து நிமிடம் விட்டால், பிறகு பத்து ஆண்டு அலைய வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2023-ல் லூசியானாவில் உள்ள ஒரு இராணுவ முகாமுக்கு ஜான்சன் பெயர் சூட்டப்பட்டது. அதுவரை அதற்கு, அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி போல்க்கின் பெயர். 2025-ல் ஜான்சன் பெயரை நீக்கி, போல்க் என்ற பெயரையே மீண்டும் வைத்தார்கள். இம்முறை வேறொரு போல்க்கைக் குறிக்கிறதாம். இரண்டே ஆண்டு. பெயர்ப்பலகையை ஓர் ஆணை மாற்றிவிடலாம். 1,300 பக்கங்களாகத் தொகுத்து வைத்ததை அப்படி அழிக்க முடியாது. நம் ஊர்களிலும் அந்தப் பக்கங்களை எழுத ஆள் வேண்டும்.