பெருங்காரும் சாரதியின் பாதமும்

பெரிய கார் பெற்றோலைக் குடித்தே தீரும். அதற்கு வண்டியைச் செய்தவனைக் குறை கூறலாமேயன்றி ஓட்டுபவனைக் குறை கூறலாகாது என்பது பலர் கொண்ட எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் மெய் என்பதைப் பரந்த அளவிற் சோதித்துப் பார்த்த நாடு, பெருங்கார்களின் தாயகமாகிய அமெரிக்க ஐக்கிய நாடுகளே. 1936ஆம் ஆண்டு தொடக்கம் நாற்பது ஆண்டுக் காலத்தில் அங்கே சாரதியின் பாதம் போட்டிக்காகவும், போருக்காகவும், எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்காகவும் பரீட்சிக்கப்பட்டது.

போட்டியே முதலில் வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கில்மோர் எண்ணெய் நிறுவனத்தார், அந்நகரிலிருந்து யோசமிட்டி மலைப்பகுதிக்கு யார் மிகக் குறைந்த பெற்றோலிற் செல்வார் என்று 1936இற் போட்டியொன்றை ஆரம்பித்தனர். வேகத்தையே வியந்த காலத்திற் சிக்கனத்துக்கு ஒரு கிண்ணம் வைத்தது புதுமைதான். ஆயினும் சில ஆண்டுகளுள் உலகப் போர் குறுக்கிட்டது. விளையாட்டாகத் தொடங்கியது நாட்டின் கட்டளையாயிற்று.

அக்கட்டளை பிறந்த காரணத்தில் இலங்கைக்கும் தொடர்புண்டு. 1942ஆம் ஆண்டு மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கைப்பட்டன. அமெரிக்காவுக்கு வேண்டிய இயற்கை றப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அத்திசையிலிருந்தே சென்றது. நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய றப்பர் நிலம் இலங்கையாயிற்று. மரம் பிழைக்குமா என்று பாராது பால் வெட்டும் முறை இங்கே புகுந்ததும் அப்போதுதான். அங்கே டயர்கள் தேய்வதைத் தடுக்க வழி தேடினர். பெற்றோலைப் பங்கிட்டாற் கார்கள் ஓடுவது குறையும், மெல்ல ஓடினால் டயர் தேய்வதும் குறையும் எனக் கண்டு, பேர்னாட் பரூக் என்பவரின் தலைமையில் அமைந்த குழு 1942 செத்தெம்பரில் நாடெங்கும் பெற்றோற் பங்கீட்டையும், மணிக்கு 35 மைல் என்ற வேகவரம்பையும் விதந்துரைத்தது. அவ்வாண்டு திசெம்பர் முதலாந் திகதி பங்கீடு நாடு முழுவதற்குமாயிற்று. பெற்றோலைப் பங்கிட்டது பெரும்பாலும் றப்பரைக் காப்பதற்காகவே என்பதைப் பலர் இன்று மறந்துவிட்டனர்.

முப்பத்தைந்து மைல் வேகம் பெருங்கார்க்காரருக்கு ஒரு தண்டனையாகவே தோன்றியிருக்கும். ஆனால் அதற்குள் ஓர் இயற்கை விதி அடங்கியிருந்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 35 மைலில் ஓடும் வண்டி 55 மைலுக்கு ஏறுமாயின், அதை எதிர்க்கும் காற்றின் விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. 1945 ஆகஸ்டிற் பங்கீடு நீங்கியதும் மக்கள் வரம்பைக் கைவிட்டனர். விதி மட்டும் கைவிடப்படவில்லை.

1950இல் அப்பழைய போட்டி மொபில் எண்ணெயின் பெயரில் மறுபடி உயிர்பெற்றது. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அரிசோனா மாநிலத்துக் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 750 மைல். பாலையும் மலையும் கலந்த வழி. கடையில் விற்கும் வண்டியையே ஓட்ட வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் மேற்பார்வையாளர் ஒருவர் உடன் சென்றார். ஊர்ந்து சென்று வெல்ல முடியாதபடி நேரக் கணக்கும் விதிக்கப்பட்டது. முதற் பரிசுக்குரிய கணக்கோ வேறு: வண்டியின் பாரத்தை, ஒரு கலனுக்கு அது ஓடிய மைலாற் பெருக்கிப் பார்த்தனர். ஆதலால் இலேசான சிறு வண்டி தானாகவே வென்றுவிட இயலாது.

அவ்வாண்டு வென்றது மேர்க்குரி என்னும் பெரிய கார். பெற்ற அளவு கலனுக்கு 26.52 மைல். அமெரிக்கக் கலன் ஆங்கிலக் கலனிலும் சிறியது. நம் கணக்கில் இது லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதனினும் வியப்பு 1951இல் நேர்ந்தது. ஏறக்குறைய இரண்டு தொன் எடையுள்ள ஆடம்பர வண்டியாகிய லிங்கன், கலனுக்கு 25 மைலுக்கு மேல் ஓடி முதற் பரிசைக் கொண்டுபோயிற்று.

இதைச் செய்தவர்கள் மந்திரவாதிகள் அல்லர். 1950இன் வெற்றியிற் பங்குகொண்ட பில் ஸ்ட்ரொப்பி, பின்னர் மெக்சிக்கோவின் கொடிய நெடும்பாதைப் பந்தயத்துக்கு லிங்கன் கார்களை ஆயத்தஞ்செய்து புகழ்பெற்றவர். விரைந்தோட வண்டியைப் பழக்கியவருக்குச் சிக்கனமும் கைவந்தது தற்செயலன்று. இரண்டுக்கும் இயந்திரம் என்ன கேட்கிறது என்பதைக் காலால் உணர வேண்டும். அக்காலத்துக் கார்புரேட்டரில், மிதியைச் சடுதியாக அழுத்துந்தோறும் சிறு பம்பு ஒன்று பச்சைப் பெற்றோலைப் பீச்சும். மிதியை ஆழ அமிழ்த்தினால் வேறொரு வாயில் திறந்து கலவையைச் செறிவாக்கும். மிதிக்கும் பாதத்துக்கும் இடையே முட்டை ஒன்று இருப்பதுபோல எண்ணி அழுத்தினால் இவ்விரண்டும் உறங்கிக் கிடக்கும். மேல் கியருக்கு முந்தியே மாறினால் இயந்திரம் குறைந்த சுழற்சியில் வேலை செய்யும்.

பிறேக்கின் செய்தி இன்னும் முக்கியமானது. இரண்டு தொன் வண்டியை ஓட்டத்துக்குக் கொண்டுவரச் செலவான பெற்றோல் முழுவதும், பிறேக்கை அழுத்திய சில விநாடிகளில் வெறுஞ்சூடாகிக் காற்றிற் கலக்கிறது. வண்டி பெரிதாயின் இழப்பும் பெரிது. ஆகவே தேர்ந்த சாரதி தன் முன்னால் நிற்கும் வண்டியைப் பார்ப்பதில்லை. அதற்கு அப்பால் உள்ள சந்தியைப் பார்க்கிறான். செவ்விளக்கைத் தொலைவிற் கண்டதும் காலை எடுத்துவிடுகிறான். டயரிற் காற்றுச் சரியாக இருப்பதையும் அவன் மறப்பதில்லை.

1957 முதல் பெண் சாரதிகளும் இப்போட்டியிற் கலந்துகொண்டனர். 1968உடன் போட்டி முடிவுற்றது. போட்டி எண்களை விளம்பரத்திற் கண்டு வண்டி வாங்கியவர்கள், தமக்கு அது கிட்டவில்லையே என்று குறைப்பட்டனர். குறை நியாயமானதே: அவர்கள் விலைகொடுத்து வாங்கியது வண்டியை; அந்தப் பாதத்தை எவரும் விற்கவில்லை.

1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெயைத் தடைசெய்தபோது, கலனுக்குப் பதின்மூன்று, பதினான்கு மைலே ஓடும் கார்கள் அமெரிக்க வீதிகளை நிறைத்திருந்தன. 1974 சனவரி 2ஆந் திகதி சனாதிபதி நிக்சன் 55 மைல் வேகவரம்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். வீதி மரணங்கள் முந்திய ஆண்டின் சுமார் 54,000இலிருந்து 45,000 அளவுக்கு இறங்கின. மக்கள் பயணத்தைக் குறைத்ததும் அதற்கு ஒரு காரணம். பெற்றோற் சேமிப்போ நாட்டின் மொத்தத்தில் மிகச் சிறு பங்கே. வேகமானியைக் காவலர் அளக்கலாம். புறப்படும்போதும் நிற்கும்போதும் பாதம் செய்வதை அளக்க எந்தக் காவலராலும் ஆகாது. வரம்பு 1987இல் தளர்ந்து 1995இல் நீங்கியது. இதற்கிடையே, 1975 திசெம்பரில் வந்த மற்றொரு சட்டம் பொறுப்பைச் சாரதியின் காலிலிருந்து எடுத்து உற்பத்திச் சாலையின் தலையில் வைத்தது. 1985ஆம் ஆண்டளவில் புதிய கார்கள் சராசரி கலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டுமென்பது அதன் விதி.

அவ்வாண்டுகளில் 8.2 லீற்றர் இயந்திரம் பூண்ட கடிலாக் கார்களில், பாதத்தின் அழுத்தம் மிகும்போது நிறம் மாறிக் காட்டும் சிறு விளக்கொன்றை விரும்பியவர் பொருத்திக்கொள்ளலாம் என்றிருந்தது. 1977இல் அந்நிறுவனமே தன் வண்டிகளிற் பல நூறு இறாத்தலைக் கழித்து, இயந்திரத்தையும் 7 லீற்றராகச் சுருக்கிவிட்டது.